சமையலறை ஜன்னல் வழக்கு

கட்டடத் தகராறுகளை மட்டும் எடுத்து நடத்தும் வக்கீல் நான். விரிசல் விட்ட சுவர், ஒழுகும் மாடி, பாதியில் நின்றுபோன அடுக்குமாடி, இவைதான் என் பிழைப்பு. எழுதி வாங்கினீர்களா என்று கேட்டால், வருகிற கட்சிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "வாயாலதான் மேடம் சொன்னேன்." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கதவை நகர்த்துவதானாலும் எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுங்கள், தேதி போடுங்கள் என்று இருபது வருடமாகத் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான், பொம்மசந்திராவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சைட் வாங்கி வீடு கட்டியபோது, ஒப்பந்தம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மேஸ்திரி, கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் லைன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அவரிடம் போய் முத்திரைத்தாளை நீட்டினால் அம்மா என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டாள். ஆளுக்கொரு டீ குடித்தோம், வேலை ஆரம்பித்துவிட்டது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. சமையலறையில் தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். லைன் வீட்டு அடுப்படிக்கு ஜன்னலே கிடையாது. அப்புறம் விவேக் நகரில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஜன்னல் இருந்தது, திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். "சமைக்கும்போது நாலு மனுசங்க போறது வர்றது தெரியணும்டி" என்றாள். எழுபது வயது வரை அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது மட்டும்தான்.

குடிபோகும் நாளாக ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்து, சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரிப்பதாக ஏற்பாடு. நானோ இரண்டு மாதமாக ஒரு பெரிய வழக்கில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால், சமையலறையில் ஜன்னல் இல்லை. வெறும் சுவர். அம்மா அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "வீடு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

மேஸ்திரி அன்று வேறு வேலைக்குப் போயிருந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்தப் பழக்கம்தான் எனக்கு விட்டுப்போய் வெகு நாளாகிறதே! உட்கார்ந்து நோட்டீஸ் அடித்தேன். நான்கு பக்கம். குறை ஒன்று, ஜன்னல் வைக்காதது. குறை இரண்டு, கேட்காமல் மாற்றியது. குறை மூன்று, அதே சுவரில் இரண்டு கை அகலத்துக்குப் பூசாமல் விட்டு, அதன் மேல் அசிங்கமாக ஒரு சிமெண்ட் பையை ஆணியடித்து வைத்தது.

மறுநாள் காலை அம்மாவோடு போய், அந்தச் சமையலறையிலேயே மேஸ்திரியிடம் நோட்டீஸை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதிகிறம்மா. மூணாவது குத்தத்த மொதல்ல பாத்துடலாமா?" என்று சிமெண்ட் பையை விலக்கினார்.

பூசாத கல்லின் மேல் சாக்பீஸ் எழுத்து: 'இங்கே ஜன்னல் வேண்டாம். ஃப்ரிட்ஜ் வரும்.' கீழே கையெழுத்து. தேதி. மணி 10.40. என்னைத் தவிர இந்த ஊரில் மணி போடுகிறவர் யார்?

இரண்டு மாதத்துக்கு முன் காதில் போனை வைத்தபடி ஒரு சாட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தது நினைவுக்கு வந்தது. ஃப்ரிட்ஜ் எங்கே வைப்பது என்று இவர் கேட்க, நான் சுவரில் எழுதிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறேன்.

"இது மேல ஏன் அண்ணா பூசல?" என்றேன்.

"வக்கீல் கையெழுத்தாச்சேம்மா. நாளைக்கி நீயே நோட்டீஸ் வுட்டா, எனக்குச் சாட்சி வேணாவா?"

அம்மா ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கினு இருந்தாளே, இப்ப பாரு!" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் சிரித்ததில் மனசு லேசாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழமக்குள்ள ஜன்னல் வைக்க முடியுமா அண்ணா?"

"எழுதிக் குடு."

நான் கை நீட்டுவதற்குள் அம்மா சாக்பீஸை வாங்கிக்கொண்டாள். என் எழுத்துக்குக் கீழே, 'ஜன்னல் வேணும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மணியும் போடுங்க பெரிம்மா" என்றார் அவர். போட்டாள்.

"ஃப்ரிட்ஜ்?" என்று கேட்டேன்.

"அது ஹால்ல நிக்கட்டும்" என்றாள் அம்மா.

மேஸ்திரி சுவரின் மேல்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல நீ எழுதறதுக்கு முன்னயே போட்டு வெச்சிட்டேன். அடியில இருக்கறது அதுக்கு முட்டா, கலவ போடாம சும்னே அடைச்ச கல்லு, அதும் மேலதான் நீ எழுதின. பெரிம்மா கேட்ட ஜன்னலு, அதான் அப்டியே வுட்டேன். நீ எப்டியும் மாறுவேன்னு தெரியும்."

சுத்தியலை என் கையில் கொடுத்தார். ஆதாரத்தை அழிப்பது குற்றம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் கையெழுத்தின் மேலேயே ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் கல் தெருப்பக்கம் விழுந்தது. வெயில் உள்ளே வந்தது.

தூசி அடங்கும் வரைகூட அம்மா பொறுக்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டு ஓட்டையில் முகத்தை வைத்தாள். தெருவில் கூடையோடு ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, முருங்கக்கா பிஞ்சா இருக்குதா?" என்று கூப்பிட்டாள் அம்மா. அந்தச் சமையலறைக்கு அப்போது அடுப்புகூட வந்திருக்கவில்லை.