ஃபீச்சாவுக்கு வெள்ளி பூசிய நெவென்கா

பிரோத் ஊரிலிருந்து நீஷ் நகரத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் இப்போது புது நெடுஞ்சாலையில் பறந்துவிடுகிறார்கள். நெவென்கா மட்டும் பழைய சாலையைத்தான் பிடிப்பாள். அவளுடைய ஃபீச்சா நாற்பத்தெட்டு வயதுக் குட்டிக் கார். பின்பக்கம் இன்ஜின், முன்பக்கம் ஒரு பூசணிக்காய் வைக்க இடம், நடுவில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரலாம். நெடுஞ்சாலையில் ஏறினால் லாரிக்காரன் ஒவ்வொருவனும் முதுகில் ஏறுகிற மாதிரி வந்து ஹாரன் அடிப்பான். அந்த ஏச்செல்லாம் எனக்கு எதற்கு என்பாள்.

பழைய சாலை சீச்செவோ மலையிடுக்கில் ஆற்றை ஒட்டியே வளைந்து போகும். அங்கே பட்டப்பகலிலும் வெயில் எட்டிப் பார்க்காது. போதாக்குறைக்குச் சுரங்கங்கள் வேறு. ஒவ்வொரு சுரங்கத்துக்குள் நுழையும்போதும் பக்கத்தில் இருக்கும் அவள் கணவர் தோதோர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேகத்தை அறிவிப்பார். "அறுபது" என்பார். அடுத்ததில் "அறுபத்தஞ்சு, காலை எடு" என்பார்.

நெவென்கா மீட்டரைப் பார்ப்பாள். கழுநீர் நிறத்தில் வட்டமாக ஒரு மங்கல் தெரியும். முள்ளும் தெரியாது, எண்ணும் தெரியாது.

ஒரு வருடமாக இதே கதைதான். அவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை, அப்படியானால் கெட்டது என் கண்தான் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் கண் போவது முதலில் இருட்டில்தான் ஆரம்பிக்கும் என்று நாத்தனார் ஒருமுறை சொன்னது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. டிசம்பரில் அவளுக்கு அறுபத்தைந்து நிறைகிறது. அதற்குப் பிறகு டாக்டர் சான்றிதழ் இல்லாமல் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. கண் போச்சு என்று டாக்டர் எழுதிவிட்டால் வண்டியும் போச்சு. இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சுரங்கம் வந்தால், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, "எவ்ளோ போறோம்?" என்று கணவரிடம் கேட்கப் பழகிக்கொண்டாள்.

வண்டி அவளுக்கு வெறும் வண்டி இல்லை. முப்பத்தொரு வருடம் டயர் தொழிற்சாலையில் சூடான அச்சுக்கு முன்னால் நின்று வெந்தவள். முப்பத்தாறு வயதில் உரிமம் எடுத்தபோது தெருவே கைகொட்டிச் சிரித்தது. சிரிக்கக் காரணம் அவள் ஓட்டக் கற்றது அல்ல, தோதோர் அதே தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்த அவர் மூன்றாம் தோல்விக்குப் பிறகு, ஓட்டுவது தன் குணத்துக்கு ஒத்துவராத வேலை என்று அறிவித்துவிட்டு, பக்கத்து இருக்கைக்கு நிரந்தர அதிகாரியாகிவிட்டார். கியர் மாற்றுவது முதல் கண்ணாடி துடைப்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து உண்டு. நெவென்கா இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவாள்.

அக்டோபரில் அவள் ஒரு கணக்குப் போட்டாள். முதலில் மீட்டர் விளக்கைப் பார்ப்போம், பிறகு டாக்டரைப் பார்ப்போம். விளக்கைச் சரிசெய்தும் தெரியவில்லை என்றால் அப்புறம் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒருநாள் தோதோர் முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டிலிருந்து மீட்டரைக் கழற்றிச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தாள். தகரக் கூட்டைப் பிரித்துப் பார்த்தால், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த உள்சுவர் அடுப்படி உத்தரம் மாதிரி பழுத்துக் கிடந்தது. இரண்டு குட்டி பல்புகளும் உள்ளே கரிபிடித்திருந்தன. பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. இவ்வளவு அழுக்குச் சுவரில் பட்டால் எந்த வெளிச்சம்தான் திரும்பி வரும்?

இலையுதிர் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டைத் திறந்தாலும் ஒரு டப்பா சில்வர் பெயிண்ட் இருக்கும். அடுப்பின் புகைக்குழாய்க்கு ஆண்டுதோறும் பூசுவது. குழாய்க்குப் பூசிய பிறகு டப்பாவில் கால்வாசி மிஞ்சும். பிரோத்துக்காரர்களுக்கு மிஞ்சியதை மூடி வைக்கத் தெரியாது. கேட்டுக்குப் பூசுவார்கள், தண்ணீர்க் குழாய்க்குப் பூசுவார்கள், கல்லறைச் சிலுவைக்குப் பூசுவார்கள், அப்போதும் மிஞ்சினால் கோழிக்கூட்டுக் கதவு இருக்கவே இருக்கிறது. நெவென்கா மிச்சத்தை மீட்டருக்குப் பூசினாள். அதையும் அரைகுறையாக விட்டாளா என்றால் இல்லை. உள்ளே, விளிம்பில், பல்பு செருகும் ஓட்டைகளின் வாயில் என்று இண்டு இடுக்கு விடாமல் இரண்டு பூச்சு. இரண்டு நாள் காயவைத்து, புது பல்பு வாங்கிப் போட்டு, வண்டியில் பொருத்தி, சுவிட்சைத் தட்டினாள்.

ஒன்றுமே எரியவில்லை. முன்பாவது கழுநீர் தெரிந்தது, இப்போது சுத்தமாக இருட்டு.

அவள் அப்படியே இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைச் சோதித்துப் பார்க்கவிடாமல் தன் கையே தடுத்துவிட்டதே என்று நொந்துகொண்டாள். பிறகு வேறு வழியில்லாமல் எதிர்வீட்டு மனோய்லோவைக் கூப்பிட்டாள். முன்பு ரேடியோ, டிவி பழுதுபார்த்த ஆள். இப்போது தெருவில் யார் வீட்டில் எது எரியவில்லை என்றாலும் அவர்தான். வந்தார், மீட்டரை வெளியே இழுத்தார், பளபளவென்று மின்னிய கூட்டைப் பார்த்தார். மிளகாய் உரித்துக்கொண்டிருந்த தோதோரும் எழுந்து வந்து நின்றார்.

"நெவென்கா, குழாய் நல்லாத்தான் பூசியிருக்கே. புகை எந்தப் பக்கமா போகுது?" என்று கேட்டார் மனோய்லோ.

சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு விளக்கினார். பல்புக்குக் கரண்ட் போவது ஒயர் வழியாக, திரும்பி வருவது இந்தத் தகரத்தின் வழியாக. ஓட்டையின் வாயில் பல்பு பிடிப்பான் தகரத்தைத் தொட வேண்டும். அங்கேதான் இவள் இரண்டு பூச்சு பூசி வாசலை அடைத்துவிட்டாள். உள்சுவரில் பூசியது மட்டும் நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டார். உப்புத்தாளை விரலில் சுற்றி ஓட்டைகளின் வாயைத் தகரம் தெரியும்வரை தேய்த்தார். எர்த்து ஒயர் கவ்வும் இடத்தில் பச்சைப் பூஞ்சைபோல் படிந்திருந்த களிம்பையும் சுரண்டினார். இன்னும் பெரிய பல்பு போட்டுவிடலாமா என்று நெவென்கா கேட்டதற்கு, எண்ணெல்லாம் உருகி வழிய வேண்டுமா என்று மடக்கினார். வெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சுரங்கத்தில் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கூலிக்கு ஒரு தட்டு சுட்ட மிளகாயை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் கிளம்பினார்கள். சீஸ் வாங்கப் போகிறோம் என்று தோதோரிடம் சொல்லியிருந்தாள். முதல் சுரங்கத்தின் வாய் தெரிந்ததும் விளக்கு சுவிட்சைத் தட்டினாள். இருட்டு விழுந்த பிறகும் சில நொடிகள் சாலையையே பார்த்துக்கொண்டு போனாள். பிறகு கண்ணைத் தாழ்த்தினாள்.

பால் ஊற்றிய கிண்ணம்போல் மீட்டர் வெளேரென்று இருந்தது. முள் நாற்பதில் நின்றது. இருபது, நாற்பது, அறுபது, எண்பது, எல்லாம் தெரிந்தது. இடையில் இருக்கும் பொடிக் கோடுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன. என் கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு வருடப் பாரம் ஒரே நொடியில் இறங்கியது.

தோதோர் செருமினார். "அறுபத்தஞ்சு. மெதுவா போ."

அவள் மறுபடி பார்த்தாள். நாற்பது. தோதோரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மீட்டரைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சுரங்கத்தில் வேண்டுமென்றே முப்பதுக்கு இறக்கி, எவ்வளவு என்று கேட்டாள். கியரைக் குறைத்ததில் இன்ஜின் இரைந்தது.

"அறுபது" என்றார்.

வெளியே வந்ததும் ஆற்றோரம் அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாள்.

"யோவ் தோதோர். மீட்டர் உனக்குத் தெரியுதா, இல்லையா?"

அவர் ஆற்றைப் பார்த்தார்.

"சத்தத்தை வெச்சு சொல்றதுதான். ரெண்டு வருஷமா எல்லாம் பனி மூடின மாதிரி இருக்கு."

"ரெண்டு வருஷமாவா? ஏன்யா சொல்லலே? நீ பாத்துச் சொல்றேன்னு நெனச்சு, எனக்குத்தான் கண்ணு போச்சுன்னு ஒரு வருஷமா செத்துப் பொழைச்சிட்டிருக்கேன்யா நான்."

"முன்னெல்லாம் நான் சொல்றதக் காதுலயே வாங்க மாட்டே. போன வருஷம் நீயா கேக்க ஆரம்பிச்சே. இந்த வண்டியில எனக்கு இருக்கறது அந்த ஒரு வேலைதான், நெவென்கா. தெரியலேன்னு எப்டிச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. இப்போதெல்லாம் பேப்பரில் மட்டமான மையைப் போடுகிறான் என்று அவர் அலுத்துக்கொண்டது, காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு மேசை சாய்ந்திருக்கிறது என்றது, சந்தையில் யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்து நலம் விசாரித்தது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தன் பயத்தைக் கட்டிக்கொண்டு அழுததில் பக்கத்தில் இருந்தவனைப் பார்க்காமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சீஸை மறந்துவிட்டு வண்டியை நீஷுக்கே விட்டாள்.

அங்கே கண் டாக்டரிடம் இரண்டு பேருமே காட்டினார்கள். நெவென்காவுக்குப் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போதும், வண்டி தாராளமாக ஓட்டலாம் என்றார் டாக்டர். தோதோருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. எடுத்துவிட்டால் தெரியும், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். கத்தி என்றதும் தோதோருக்கு முகம் வெளுத்துவிட்டது. வீடு போகும் வரை நெவென்கா பேசிப் பேசி அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

டிசம்பரில், அவள் உரிமம் புதுப்பித்த அதே வாரம், முதல் கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது மலையிடுக்கில் லேசாகப் பனி தூறியது. முதல் சுரங்கத்தில் நுழைந்ததும் தோதோர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மீட்டரை நோக்கிக் குனிந்தார். வேகத்தைச் சொல்வார் என்று நெவென்கா காத்திருந்தாள்.

"என்னடி இது?" என்றார் கடைசியில். "எண்பதுகிட்ட ஓரத்துப் பெயிண்ட்டுல பிரஷ் முடி ஒண்ணு ஒட்டியிருக்கு. இப்டியா பூசுவாங்க?"

மீட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த முடியை அவள் முதல் நாளே பார்த்திருந்தாள். வேறு யார் கண்ணிலும் படாது என்று நம்பியிருந்தாள். கண் இமை முடி அளவுகூட இல்லாத முடி அது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் நெவென்கா. அவர் இன்னும் விலாவாரியாகத் திட்ட ஆரம்பித்தார். கன்னத்தில் வழிந்த கண்ணீரைத் துடைக்காமல், நாற்பதிலேயே வண்டியை விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.