ஸ்டார்ட் பட்டன் இல்லாத ஜாய்ஸ்டிக்

போன போகியன்று அம்மா வீட்டில் பரணைச் சுத்தம் செய்து, எரிக்க வேண்டியதையெல்லாம் வாசலில் குவித்திருந்தார்கள். கிழிந்த பாய், நெளிந்த முறம், உளுத்துப்போன நாற்காலிக் கால். குவியலின் ஓரத்தில் ஒயர் சுற்றிய பிளாஸ்டிக் சாமான் ஒன்று கிடந்தது. எடுத்துத் தூசி தட்டியதுமே தெரிந்துவிட்டது, எங்கள் பழைய வீடியோ கேமின் இரண்டாவது ஜாய்ஸ்டிக். இடப்பக்கம் சிலுவை வடிவத்தில் ஒரு பட்டன், வலப்பக்கம் வட்டமாக இரண்டு, நடுவில் ஒன்றுமில்லை. முதல் ஜாய்ஸ்டிக்கில் அந்த நடு இடத்தில் ஸ்டார்ட் பட்டன் இருக்கும். ஆட்டத்தைத் தொடங்குவதும் பாதியில் நிறுத்திவைப்பதும் அதில்தான். இரண்டாவதை வைத்திருப்பவரால் இரண்டுமே முடியாது. செய்தவர்கள் செலவை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது அக்காவுக்கென்றே செய்தது மாதிரி அமைந்துவிட்டது. பழைய சாமானைப் பார்த்தால் மனசு குளிரும் என்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் நெருப்பில் போட மனம் வராமல் தனியே எடுத்து வைத்தேன்.

உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகும் வழியில் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. நைனா நெல் லாரி ஓட்டினார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும், சென்னைக்கு லோடு கொண்டுபோன ஒரு நாள் அந்த வீடியோ கேமை வாங்கி வந்தார். வாங்கியது அண்ணனுக்காக. வீட்டில் மூத்தவள் அக்கா, நடுவில் அண்ணன், கடைசியில் நான். முதல் ஜாய்ஸ்டிக் அண்ணன் கையை விட்டு இறங்கியதே இல்லை. கூட ஆட ஆள் கிடைக்காத நேரத்தில் மட்டும் அக்காவைக் கூப்பிடுவான். அவள் அடுப்படியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். இரண்டு பயில்வான்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம் ஒன்று இருந்தது. அண்ணனுடைய பயில்வான் நீலம், அக்காவுடையது சிவப்பு. அக்கா பட்டனைத் தட்டும் சத்தமே கேட்காது. நீலக்காரன் விழுந்து விழுந்து எழுந்திருப்பான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அண்ணன் ஸ்டார்ட்டை அமுக்கிப் படத்தை நிறுத்திவிடுவான். "அம்மா கூப்பிடுது பாரு, போ" என்பான். அம்மா கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் அக்கா எழுந்து போனதும் அம்மா அவளுக்கு ஒரு வேலை வைத்திருப்பார்கள். அவள் திரும்பி வருவதற்குள் அண்ணன் புது ஆட்டம் தொடங்கியிருப்பான்.

அந்த வருஷம் அக்கா ப்ளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தாள். நல்ல மார்க்தான். உத்திரமேரூர் பஜாரில் அப்போது புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருந்தார்கள். அங்கே சேர்ந்து படித்தால் எங்கேயாவது ஆபீஸ் வேலைக்குப் போகலாம் என்பது அவள் எண்ணம். ரேஷன் வாங்கப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போய் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பாள். நைனாவிடம் ஒரு தடவைதான் கேட்டாள். சோற்றைப் பிசைந்தபடியே அவர் சொன்னார், "பொட்டப் புள்ளைக்கு கம்ப்யூட்டரு இன்னாத்துக்கு? நாளைக்கு கல்யாணம் பண்ணிக்கினு போறவ." அதோடு பேச்சு முடிந்தது. வாரத்துக்கு ஒரு புது கேம் கேசட் அண்ணனுக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

பொங்கலுக்கு ஊர் இளைஞர் மன்றத்தில் வழக்கமாகப் போட்டிகள் நடக்கும். ஆம்பளைகளுக்குக் கபடி, உறியடி, கேரம். பொம்பளைகளுக்குக் கோலம். அந்த வருஷம் மன்றத்துப் பையன்கள் வீடியோ கேம் போட்டி என்று புதிதாகச் சேர்த்தார்கள். ஊரில் எங்கள் வீட்டில்தான் அந்தப் பெட்டி இருந்தது, அதனால் போட்டியும் எங்கள் கூடத்திலேயே என்று முடிவானது. முதல் பரிசைக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர் தருவதாக ஒப்புக்கொண்டார். ஜெயிக்கிறவர் ஒரு கோர்ஸ் முழுக்க இலவசமாகப் படிக்கலாம். அதைக் கேட்டபோது அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர் கொடுக்கப் போனவளைப் பார்த்து மன்றத்துச் செயலாளர், "உனுக்குத்தான் கோலம் கீதேம்மா" என்று அனுப்பிவிட்டார்.

காணும் பொங்கலன்று கூடம் முழுக்க ஆம்பளைப் பையன்கள். அக்காவுக்கு வேலை டீ போடுவது. பெயர் கொடுத்த பையன் ஒருவன் வீட்டாரோடு திருமுக்கூடல் ஆற்றுக்குப் போய்விட்டான். அவனோடு ஆட வேண்டியவன் ஆள் இல்லாமல் நின்றான். "சும்மா குடுத்துட்டா அது ஜெயிப்பா? யாராச்சும் ஒப்புக்குப் புடிங்கப்பா" என்று செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். டீ டம்ளர்களோடு அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் கையில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் திணித்தார்கள்.

ஒப்புக்குச் சப்பாணி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓடிப் பிடித்து விளையாடும்போது வயசுக்கு மீறி அடம்பிடிக்கும் வாண்டுகளை அப்படித்தான் சேர்த்துக்கொள்வோம். அது அவுட்டானால் அவுட் இல்லை, யாரையாவது பிடித்தாலும் பிடித்ததில்லை. ப்ளஸ் டூ முடித்த பெண்ணை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். அவள் அந்தப் பையனை எழுந்திருக்கவே விடாமல் அடித்தாள். கூடமே சிரித்தது. தோற்றவன் அவமானம் தாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஒப்புக்கு ஆடியவளிடம் தோற்றாலும் அடுத்த சுற்று அவனுக்குத்தான்; அவன் போனதால் மறுபடியும் ஆள் குறைந்தது. "சரி, பொண்ணே ஆடட்டும்" என்றார்கள். அடுத்தவனும் தோற்றான். அதற்கடுத்தவன் ஜாய்ஸ்டிக் சரியில்லை என்றான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் அக்கா எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

கடைசி ஆட்டம் அக்காவுக்கும் அண்ணனுக்கும். உட்காருவதற்கு முன்னால் அவள் செயலாளரிடம் கேட்டாள், "அண்ணே, நான் ஜெயிச்சா கோர்ஸு எனக்குத்தானே?" அவர் சிரித்தார். "மொதல்ல ஜெயிம்மா, பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' என்பதை அவள் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நீலக்காரன் தள்ளாட ஆரம்பித்ததும் அண்ணன் ஸ்டார்ட்டை அமுக்கினான். படம் நின்றது. "அக்கா, தண்ணி கொண்டாயேன்." அவள் கொண்டுவந்தாள். திரும்பவும் தொடங்கி, திரும்பவும் நிறுத்தினான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவன் கட்டை விரல் நடுப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டாள் போல. அதற்கு முன்பே சிவப்புக்காரன் நீலக்காரனைத் தூக்கி அடித்துவிட்டான். நான் மட்டும் கைதட்டினேன். என் தலையில் ஒரு குட்டு விழுந்தது, யார் கொடுத்தது என்று தெரியவில்லை.

சாயந்தரம் மேடையில் முதல் பரிசுக்கு அண்ணன் பெயரைப் படித்தார்கள். அக்கா முன் வரிசை வரை நடந்து போய்விட்டிருந்தாள். செயலாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் குனிந்து, "அது ஒப்புக்குச் சப்பாணிம்மா, கணக்குல வராது. உன் தம்பிதானே? வூட்டுக்குத்தானே வருது?" என்றார். கோலப் போட்டியில் மிஞ்சிய பிளாஸ்டிக் மக் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவள் நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். நைனா அண்ணனைத் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். "வுடுடி, பேஜார் பண்ணாத, பொங்கலும் அதுவுமா" என்றார்கள் அம்மா. அம்மாவுக்கும் சேர்த்துத்தான் எனக்கு இன்றைக்கும் கோபம். ஒருத்தி ஜெயித்ததைக் கூடம் நிறைய கண்கள் பார்த்திருக்கின்றன. அத்தனை கண்ணும் பொய் சொன்னது. திருட்டு என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, விளையாட்டு என்று வைத்துவிட்டார்கள்.

அண்ணன் கொஞ்ச நாள் சென்டருக்குப் போனான். கிரிக்கெட் சீசன் வந்ததும் நின்றுவிட்டான். தனக்குப் பதிலாக அக்கா போகட்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. அக்கா அப்புறம் அந்த ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை. அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். அண்ணன் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான்.

அந்தப் போகியன்று எல்லோரும் வாசலில் நெருப்பைச் சுற்றி இருந்தோம். அக்கா மகள் செல்போனில் ஆன்லைன் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். நன்றாக ஆடுவாள், ஆனால் ஆண் பெயரில், மைக்கை அணைத்துவிட்டு. பெண் குரல் கேட்டால் கூட ஆடுகிற பையன்கள் என்னென்ன பேசுவார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் எடுத்து வைத்த ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சித்தி, இதுல ஸ்டார்ட் எங்க?"

அண்ணன் முந்திக்கொண்டான். "அது என்னோடதுலதான் இருந்துச்சு. உங்கம்மா இன்னா லேசுப்பட்ட ஆளா? பொங்கலு போட்டியில என்னையே தோக்கடிச்சிது. அன்னிக்கி சாம்பியனே உங்கம்மாதான்!" எல்லோரும் சிரித்தார்கள். இருபது வருஷம் கழித்து, செலவில்லாமல், பட்டம் கொடுக்கிறான்.

பெருக்கிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "அப்ப அந்தக் கோர்ஸு என்னுதுதானே?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "இன்னாக்கா, இன்னும் அத்தையே நெனச்சிக்கினு கீறியா? அது சும்மா வெளாட்டு."

"உனுக்கு" என்றாள் அக்கா.

மகள் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். ஒயரைச் சுருட்டி நெருப்பில் போட்டாள். நான் தடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் உருகிக் கறுப்பாகப் புகைந்தது. அண்ணன் இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டான். அக்கா முந்தானையால் மூக்கைக்கூட மூடாமல் மகள் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த மைக்க போட்டு ஆடுடி. எவன் இன்னா சொல்றான்னு நானும் கேக்கறேன்."