கம்பெனி கதவைச் சாத்திய வெள்ளிக்கிழமை

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் இன்டர்நெட் சென்டர் வைத்திருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது. அன்றுதான் குவைத்தில் விடுமுறை. நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் பஸ் பிடித்து வந்து, அங்கே வேலைக்குப் போன கணவன்மாரோடு சாட் செய்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். சண்டையும் என் விரல் வழியாகத்தான் போகும்.

அந்த ஆண்கள் ஆளுக்கொரு கம்பெனியின் சாட்டில் இருந்தார்கள். ஒரு கம்பெனியில் இருப்பவன் இன்னொரு கம்பெனியில் இருப்பவனோடு பேச முடியாது. எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்றினால் என் பழைய கம்ப்யூட்டர்கள் படுத்துவிடும். அதனால், முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த ஒரு புரோகிராமை வைத்திருந்தேன். அது எல்லாக் கம்பெனிக்குள்ளும் போகும்.

அன்று நகரிப் பக்கத்து அக்கா ஒருத்தி வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கூடவே அவள் பக்கத்து வீட்டுப் பெண். இருவரின் கணவன்மாரும் குவைத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள்.

“சீக்கிரம் தொறம்மா. எங்க வூட்டுக்காரரு இன்னிக்கு வேற மொதலாளிகிட்ட போறாரு. அந்த ஆளு பாஸ்போர்ட்ட புடுங்கி வச்சிக்கினு பாலைவனத்துல ஆடு மேய்க்க வுட்டுடுவானாம். தப்பிச்சி வந்த ஆளு இப்பதான் சொன்னாரு. போவாதன்னு சொல்லணும்.”

கணவரிடம் போன் இல்லை. அந்நேரம் அங்கே ஏதோ ஒரு சென்டரில் இவளுக்காக உட்கார்ந்திருப்பார். பேசி முடித்ததும் அங்கிருந்தே வண்டி ஏறுவதாக இருந்தது.

சாட் திறக்கவில்லை. பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தேன். லைனைத் துண்டித்து மறுபடி டயல் செய்தேன். கம்ப்யூட்டரை மாற்றிப் பார்த்தேன். காத்திருந்த ஒருவர், “அவுதுந்தா லேதா மேடம்?”, ஆகுமா ஆகாதா என்று தெலுங்கில் எரிந்து விழுந்தார். அக்கா என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். “ஒண்ணும் ஆவாதுக்கா” என்று பக்கத்து வீட்டுப் பெண் அவள் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். இப்படியே அரை மணி நேரம் போனது.

கடைசியில் அந்த இலவச புரோகிராம்காரர்களின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெளியார் புரோகிராம் எதுவும் நுழைய முடியாதபடி அக்காவின் கணவர் இருந்த சாட் கம்பெனி அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் மாற்றியிருந்தது. இனி அவர்களுடைய சொந்த சாஃப்ட்வேர்தான். அதுவோ என் கம்ப்யூட்டரில் ஏறாது. எனக்குத் தலைக்கு மேல் கோபம். ஆட்களைத் தன் பட்டியில் அடைத்து வைத்தால்தான் விளம்பரம் காட்டிப் பிழைக்கலாம் என்பது அவன் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதற்கு நடுவில் இவன் யார்?

அப்போதுதான் மெயில் நினைவுக்கு வந்தது. சாட் பெயரோடு சேர்த்து அவருக்கு அதே கம்பெனியின் மெயிலும் இருக்கும். என் மெயில் வேறு கம்பெனியுடையது. ஆனாலும் போகும். மெயில் போகிற வழிக்கு எல்லாருக்கும் பொதுவான விதி உண்டு. அது எவன் வீட்டுச் சொத்தும் இல்லை. வந்து விழுந்தால் அவருடைய சாட் ஜன்னலிலேயே ஒரு கடித உறைப் படம் தெரியும். “போகாதே, பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே” என்று ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினேன்.

நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் வந்தது. சத்தமாகப் படித்தேன்.

“நான் போகலை. பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். “நான் சொல்லலக்கா?”

அடுத்த வரியை நான் மனதுக்குள் படித்தேன். “உன்னை ரொம்ப நேரமா காணோம். வண்டிக்காரன் நிக்க மாட்டேன்னான். என் எடத்துல பக்கத்து வூட்டுத் தம்பி ஏறிப் போயிட்டான்.”

“எங்க வூட்டாரப் பத்தி எதுனா எழுதிக்கிறாராம்மா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுப் பெண் திரைப் பக்கம் குனிந்தாள்.