மத்தியானத்தில் மூடும் இலைவாய்கள்

என் மேசை லாச்சிக்குள் நிறமில்லாத நகப்பூச்சுப் போத்தல் ஒன்று கிடக்கிறது. கிளிநொச்சியில் விவசாயப் போதனாசிரியராக இருக்கும் ஆம்பிளைக்கு இது எதற்கென்று அலுவலகத்துக்குப் புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். இலையின் அடிப்பக்கத்தில் பூசி, காய்ந்ததும் உரித்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் இலைவாய்களின், அதாவது இலை மூச்சுவிடும் நுண்துளைகளின், அச்சு அப்படியே தெரியும். முதன்முதலில் அதை வாங்கியது அத்தானின் பிடிவாதத்தை உடைக்கத்தான்.

அத்தான், என் அக்காவின் கணவர், முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிப்பவர். முழங்கால் நோவு கூடியதும் வீட்டுக்குப் பின்னால் மிளகாய் வைத்தார். மிளகாய் கைகொடுத்தால் கடலை விட்டுவிடுவார். அக்கா அதற்காகவே நேர்த்தி வைத்திருந்தார். ஆனால் மனிதர் இரவு கடலுக்குப் போய், வலையிலிருந்து மீன் கழற்றி, மத்தியானம் வீடு வந்துதான் இலைக்குத் திரவ உரம் அடிப்பார். வெயில் தணியுமுன் மறுபடி வள்ளத்தில் ஏறிவிடுவார். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! காலை வெளிச்சத்தில் இலை காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு வாயுவை எடுத்து உணவாக்கும். உள்ளே அது குறையக் குறைய வாய்கள் திறக்கும். உச்சி வெயிலில் தண்ணீரைக் காப்பாற்ற மூடிக்கொள்ளும். அப்போது அடித்த உரம் மேலே காய்ந்து இலையோரத்தைக் கருக்கும். "இலையும் என்னைப்போல மத்தியானம் நித்திரை கொள்ளுமோ, மச்சான்?" என்று சிரிப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

விடியற்காலையில் அவர் கடலில், அக்கா கரையில் மீன் விற்றுக்கொண்டு. இருவரும் வீட்டில் நிற்கும் ஒரே காலை ஞாயிறு. அன்று தேவாலயத்தில் பூசை, பூசை முடிந்தாலும் யாரும் வேலை தொடுவதில்லை. லீவில் போன ஒரு ஞாயிறு, நானே அடிக்கிறேன் என்று மருந்துத் தாங்கியைத் தூக்கினேன். "கடவுளின்ர நாளில என்ர வளவுக்க அதைத் தூக்காதை," என்றார் அக்கா. வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியவும் மத்தியானமும் அதே செடியில் அச்செடுத்து, கையோடு கொண்டுபோயிருந்த அலுவலக நுணுக்குக்காட்டியில் அத்தானுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "விளங்குது மச்சான். அது திறந்து கிடக்கேக்க நான் கடலில. நான் வரேக்க அது பூட்டிக் கிடக்கு. கடலை விட்டாத்தான் மிளகாய் வரும். மிளகாய் வந்தாத்தான் கடலை விடலாம். இதுக்கு உம்மட கண்ணாடியில என்ன தெரியுது?"

நான் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்றுவரை ஆத்திரம். அந்தப் போகம் மிளகாய் கருகிப்போனது.

இப்போதும் வகுப்புகளில் போத்தலைத் திறந்து அச்செடுத்துக் காட்டுகிறேன். "விளங்குது சேர்" என்று யாராவது தலையாட்டினால் பற்றிக்கொண்டு வருகிறது. "விடிய நீங்கள் எங்க நிக்கிறனீங்கள்?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை. போத்தலில் பூச்சு அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அத்தான் இன்று விடியவும் கடலில்தான் நின்றார்.