குட்டைக் கைப்பிடி

சீனர் கடையில் மீ நூடுல்ஸ் பிரட்டும்போது பன்றிக்கொழுப்பு உருகும் வாசம் வந்தால் எனக்குப் பசி வராது, கோபம்தான் வரும். ஜெலுத்தோங்கில் அப்பா வேலை பார்த்த பட்டறையில், இரும்புத் துளைக்குள் மரை வெட்டும் டேப்புக்கு அந்தக் கொழுப்பைத்தான் தடவுவார்கள். மெல்லிய டேப்புக்குக் குட்டைக் கைப்பிடி, தடித்ததற்கு நீளக் கைப்பிடி. மெல்லியதில் நீளத்தைப் போட்டு முறுக்கினால் டேப் படக்கென்று ஒடிந்து துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

ஒருநாள், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு அவசரம். "நீட்டையே போட்டு முறுக்கு லா!" என்று அப்பாவை அதட்டினார். மெல்லிய டேப் ஒடிந்ததும், சோறு கொண்டுபோயிருந்த என் கண்ணெதிரே அப்பாவை அறைந்து, வேலையை விட்டும் துரத்தினார். "என் தப்புதாங்க," என்று அப்பா கும்பிட்டார்.

பட்டறைக்கு இருந்த ஒரே குட்டைக் கைப்பிடி, அன்று என் தூக்குச்சட்டியில் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் பட்டறை முதலாளியான துரைக்கு முன்னால் நீளக் கைப்பிடியோடு மல்லுக்கட்டி மூன்று டேப்பை ஒடித்த மண்டோர், சாயங்காலம் வியர்க்க விறுவிறுக்க எங்கள் வாசலில் நின்றார். "அந்தக் குட்டையைப் பாத்தியாப்பா?"

"இல்லீங்களே," என்றார் அப்பா, பாவமாக. அது என் பாவாடைக்கு அடியில் இருந்தது.

இன்றும் கொழுப்பு தடவித்தான் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.