ரேடியேட்டருக்கு ஒரு கம்பி வலை: மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்கு

மதுரையிலிருந்து ராஜபாளையம் ஐம்பத்து மூன்று மைல். ரயிலில் போகிறவர்கள் விருதுநகரில் வண்டி மாற வேண்டும். நாங்களும் ரயிலில்தான் போவதாக இருந்தோம். 1938 மாசியில், லெந்து என்னும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, ராஜபாளையத்துக் கோவிலில் என் தம்பி சாமுவேலுக்குக் கல்யாணம். அவன் பட்டாளத்தில் ஹவில்தார். வடமேற்கு எல்லையிலிருந்து லீவு வாங்கிக்கொண்டு நேரே கல்யாணத்துக்கு வருகிறான். என் கணவர் பெட்டிகளையும் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே போய்விட்டார். மாப்பிள்ளையை மதுரை ஸ்டேஷனில் எதிர்கொண்டு அழைத்து வருவது என் பொறுப்பு.

காலையில் வரவேண்டிய மெட்ராஸ் வண்டி மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. தென்காசிப் பக்கம் போகும் வண்டி எப்போதோ போய்விட்டது. அடுத்ததைப் பிடித்தால் ராஜபாளையத்தில் இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். கிறிஸ்தவக் கல்யாணம் மாலை ஏழு மணிக்குள் நடக்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் சாம்பல் புதன்; அதிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. தம்பிக்கோ அந்த வாரத்தோடு லீவு முடிகிறது. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தது, அடுத்த லீவு எப்போது என்று அவனுடைய துரைக்கே தெரியாது. மணப்பெண் எஸ்தர் ஏற்கெனவே இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டாள்.

பிளாட்பாரத்தில் பெட்டியோடு நின்றவன் முகம் செத்துப் போயிருந்தது. “கார்ல போவோம்லே,” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அதற்குக் காரணம் உண்டு.

எங்களிடம் இருப்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். சீமைக்குத் திரும்பிய ஒரு தேயிலைத் தோட்டத்து துரையிடமிருந்து என் கணவர் வாங்கியது. அவருக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. ஆகவே ஓட்டக் கற்றுக்கொண்டது நான். பெண்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறவள் மேலே மூடியில்லாத காரில் போவதைப் பார்த்து மதுரைக்காரர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். வண்டி தரையோடு தரையாகத் தாழ்ந்தது, வேகமானது. அதன் ரேடியேட்டர் மூக்கு மாதிரி முன்னால் திறந்து கிடக்கும். அதற்கும் கீழே, என்ஜின் எண்ணெயைக் குளிர வைப்பதற்கென்று இன்னொரு சின்ன ரேடியேட்டர். ஐரோப்பாவில் தார் போட்ட ரோட்டுக்கு இது சரி. நம்முடைய ஜல்லி ரோட்டில், முன்னால் போகிற பஸ் சக்கரம் எறியும் கல் எல்லாம் நேரே அதில்தான் வந்து விழும்.

போன கிறிஸ்துமஸுக்கு இதே வழியில் போனபோது கிருஷ்ணன்கோவிலுக்கு இப்பால் ஒரு கல் ரேடியேட்டரைப் பொத்தலாக்கிவிட்டது. தண்ணீர் முழுவதும் ரோட்டில். ஒரு ஜோடி மாட்டைப் பூட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோடும் வீதி வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே போனேன். அந்த ஊர்வலம் எல்லைக் காவலில் இருந்த தம்பியின் காதுவரைக்கும் போயிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்கு இதே வேலை. முதலில் மாவு சலிக்கும் சல்லடைக் கம்பியை வாங்கி ரேடியேட்டர் மேல் ஒட்டினாற்போல் கட்டினேன். ஒரு கல்லும் உள்ளே போகவில்லை, காற்றும் போகவில்லை. அழகர்கோவில் போய் வருவதற்குள் கொதித்துவிட்டது. அடுத்து கோழிக்கூண்டுக் கம்பி. காற்று தாராளமாகப் போயிற்று, பாக்கு அளவு கல்லும் கூடவே போயிற்று. கடைசியில் எங்கள் பள்ளியில் புதுக் கட்டடம் கட்டுகிற இடத்தில் மணல் சலிக்கும் கம்பி வலையைப் பார்த்தேன். கால் அங்குலக் கண், கம்பியும் கெட்டி. அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, இரும்புச் சட்டம் அடித்து, ரேடியேட்டருக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிற்கும்படி பொருத்தச் செய்தேன். வலை ரேடியேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தால் கல் வலையில் பட்டாலும் அடி உள்ளே இறங்கிவிடும். என் கணவர் கல்லூரியில் பௌதிகம் சொல்லித் தருகிறவர். அந்த இடைவெளி வேண்டாம், காற்று வழி மாறிவிடும் என்று வாதாடினார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கீழே இருக்கும் எண்ணெய் ரேடியேட்டருக்கு ஒரு தனி வலை, அதற்கும் கீழே பழைய டயரை வெட்டித் தொங்கவிட்ட ரப்பர்ப் பட்டை. எல்லாவற்றையும் ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றலாம்.

இந்த ஏற்பாட்டோடு தூரப் பயணம் எதுவும் அதுவரை போனதில்லை. ஆகவே ஸ்டேஷன் வாசலில் தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “போய்ச் சேருமாக்கா?” என்று கேட்டபோது, சேரும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை. “ஏறுலே,” என்று மட்டும் சொன்னேன். ராஜபாளையத்துக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டு, பட்டுப்புடவைக்கு மேல் கணவரின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்ரோல் நிரப்பிக் கிளம்பும்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது.

திருமங்கலம் வரை பதின்மூன்று மைல் நல்ல ரோடு. மாட்டுவண்டிகளுக்கு ஹார்ன் அடித்து ஒதுங்குவதைத் தவிர வேறு தொல்லை இல்லை. தம்பி மூன்று நாள் ரயிலில் வந்த களைப்பில் தூங்கிவிட்டான். கல்லுப்பட்டியில் ஒரு சோடா குடித்தோம், அதற்கு மேல் நிற்கவில்லை.

கல்லுப்பட்டி தாண்டியதும்தான் சோதனை. ரோடு போடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஜல்லிக் குவியல்; நடுவில் கொட்டிய ஜல்லியை இன்னும் உருளை வைத்து அமுக்கவில்லை. அதில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ், கூரை மேல் மூட்டைகளோடு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. ஐம்பது கெஜம் பின்னால் போனபோதே சின்னக் கற்கள் வந்து மட்கார்டில் டங் டங் என்று விழுந்தன. தம்பி விழித்துக்கொண்டான்.

“அக்கா, செத்த நேரம் பின்னால நில்லு. அவன் போவட்டும்.”

நின்றால் பஸ் போகிற வேகம்தான் எங்கள் வேகம். அந்தப் பஸ் ராஜபாளையம் சேர ஏழரை ஆகும் என்பது எனக்குத் தெரியும். முந்த வேண்டுமானால் அதன் பின்சக்கரத்துக்கு அருகில் போய், அது எறியும் கல் அத்தனையையும் வாங்கிக்கொண்டுதான் முந்த வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ரேடியேட்டர் பொத்துப்போனதும் இப்படித்தான்.

“குனிஞ்சிக்கோ,” என்றேன். ஹார்னை அமுக்கிக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன்.

அந்த அரை நிமிஷத்தை நான் மறக்கமாட்டேன். கல்மழை. வலையில் விழுந்த ஒவ்வொரு கல்லும் கோவில்மணி மாதிரி சத்தம் போட்டது. ஒரு கல் இடது விளக்கின் கண்ணாடியை நொறுக்கிவிட்டது. தம்பி தலைப்பாகையை முகத்தில் அமுக்கிக்கொண்டு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பஸ் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு சக்கரத்தைக் குவியல் மேல் ஏற்றி வழி விட்டார். அவருக்கு இந்த இடத்தில் என் நன்றி.

ஒரு மைல் தள்ளி வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வலை நடுவில் ஒரு விரல்கடை உள்ளே குழிந்திருந்தது. அப்படியும் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடம் இருந்தது. மண்டியிட்டுக் கீழே கையை விட்டுத் தடவினேன். தண்ணீர்ச் சொட்டு இல்லை, எண்ணெய்ச் சொட்டு இல்லை. தம்பியும் குனிந்து பார்த்தான். பட்டாளத்து வழக்கப்படி எனக்கு ஒரு சல்யூட் அடித்தான். நான் அழுதுவிடாமல் இருப்பதற்காக அவனை வண்டியில் ஏறச் சொல்லி அதட்டினேன்.

கிருஷ்ணன்கோவில் நெருங்கும்போது இன்னொரு சோதனை வந்தது. பருத்திக் காலம் ஆனதால் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பாக்டரிக்குப் போகும் மாட்டுவண்டிகள் வரிசையாக முன்னால். தூசிக்கு நடுவே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ரேடியேட்டர் மூடியில் இருக்கும் சூட்டுமானி ஏற ஆரம்பித்தது. ரேடியேட்டர் பொத்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். நிறுத்திப் பார்த்தால் வலை முழுவதும் பஞ்சும் வைக்கோல் தூசும் அப்பி, தலையணை உறை மாதிரி இருக்கிறது. கல்லைத் தடுத்த வலை இப்போது காற்றையும் தடுத்துவிட்டது.

கையால் திருகும் நட்டு போட்டதற்கு அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். வலையைக் கழற்றி, பாயை உதறுவது போல் ரோட்டோரத்து மரத்தில் அடித்து உதறினோம். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறட்டும் என்று நின்றபோது கடைசி வண்டிக்காரர் இறங்கி வந்தார். மம்சாபுரத்துக்காரராம்.

“என்ன தாயி, வண்டிக்கு இளைப்பா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் தம்பியின் கசங்கிய யூனிபாரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“இவியதான் மாப்பிள்ளையா? அப்பம் பொறவால வாங்க,” என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். “ஏலே, ஒதுக்குங்கலே. கல்யாண மாப்பிள்ள வாராவ.” அந்தக் குரலுக்கு ஒவ்வொரு வண்டியாக ஓரம் கட்டியது. பஞ்சு மூட்டைகளுக்கு மேலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி வெட்கத்தில் தலைப்பாகையைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தபோது சாயங்கால வெயில் அதன் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. ஊருக்குள் தேரோடும் வீதியைத் தவிர்த்திருக்கலாம், தவிர்க்கவில்லை. அதே வீதியில் என் வண்டி தன் காலிலேயே போவதை நாலு பேர் பார்க்கட்டும் என்று இருந்தது. பார்த்தார்கள். ஒரு கடைக்காரர் எழுந்தே நின்றார்.

அங்கிருந்து ஏழு மைல். வலது பக்கம் மலை நீலமாக வந்துகொண்டே இருக்கும். ஒரு விளக்கு போனதால் இருட்டுவதற்குள் சேர வேண்டுமென்று விட்ட வேகத்தை இங்கே எழுதமாட்டேன். கணவர் இதைப் படிப்பார்.

கோவில் வாசலில் நிறுத்தும்போது ஆறு முப்பத்தைந்து. குருவானவர் கையில் கடிகாரத்தோடு கேட்டிலேயே நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் கணவர். அவர் முகத்தைப் பார்த்தால் தந்தி வந்ததிலிருந்து உட்காரவே இல்லை போலிருந்தது. யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை.

“இன்னும் நேரம் இருக்கும்மா,” என்றார் குருவானவர். “அவனை மொகத்தக் கழுவிட்டு வரச் சொல்லு.”

கிணற்றடியில் நாலு பேர் சேர்ந்து மாப்பிள்ளையை அடித்துத் தூசி தட்டினார்கள். மணி அடித்தது. எஸ்தர் உள்ளே நடந்து வந்தபோது அவள் கண் வீங்கியிருந்தது. தம்பியைக் கண்டதும் அவள் நடை மாறியதை நான் பார்த்தேன். தாலி கட்டி முடிந்தபோது ஏழாக இன்னும் ஐந்து நிமிஷம். என் புடவை மட்டும் மழைக்கோட்டுக்குள் கசங்காமல் இருந்தது. தலையிலிருந்து கழுத்து வரை நான் செம்மண் நிறம்.

மறுநாள் வலையைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தபோது ஊரில் பாதிப்பேர் வந்து பார்த்தார்கள். கம்பிக் கண்களில், மரத்தில் அடித்தும் விழாத பதினைந்து இருபது கல் சிக்கிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் ஒரு தகடு வளையவில்லை. என் கணவர் இரண்டு அங்குல இடைவெளியில் விரலை விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, கல்லூரிப் பையன்களுக்கு இதை ஒரு கணக்காகக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அவர் தோல்வியை ஒப்புக்கொள்கிற முறை அது.

இந்த வழியில் காரில் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. வலை கால் அங்குலக் கண்ணுக்குக் குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம். ரேடியேட்டரிலிருந்து தள்ளி நிற்கட்டும். கழற்ற எளிதாக இருக்கட்டும். மாசியிலிருந்து சித்திரை வரை பஞ்சு பறக்கும், ஆகவே பத்து மைலுக்கு ஒருமுறை இறங்கி வலையைத் தட்டிவிடுங்கள். மழைக்குப் பிறகு சேறு அப்பும். ஒரு தேங்காய்நார்த் தூரிகை போதும். வலை கட்டியவுடன் முதலில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து, சூட்டுமானி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு கேன் தண்ணீர் கட்டாயம். விளக்குக்கும் ஒரு வலை கட்டாமல் விட்டது எனக்குப் பாடம். கல்லுப்பட்டி ரோட்டு வேலை ஆடியில்தான் முடியுமாம். முன்னால் பஸ் இருந்தால், தம்பி கல்யாணமாக இல்லாத பட்சத்தில், நின்று அதைப் போகவிடுங்கள்.

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூர் வழியாகத் தேவதானம் போகும் ரோடு நன்றாக இருக்கிறது. லீவு முடிந்து தம்பியை ரயிலேற்றிய அன்றைக்கு, எஸ்தரை அவள் தகப்பன் வீட்டில் கொண்டுவிட அந்த வழியில் போனேன். வயல் எல்லாம் அறுப்பு முடிந்து கிடந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆரம்பித்த அழுகையை அவள் சேத்தூர் தாண்டும் வரை நிறுத்தவில்லை. நான் மெதுவாக ஓட்டினேன். ஊரைத் தாண்டியதும் ரோடு நேராக நீண்டு கிடந்தது, ஒரு வண்டி இல்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மயினி,” என்றாள். “இது இம்புட்டு வேகந்தான் போவுமா?”

மிதியை அமுக்கினேன். அவள் முக்காடு நழுவிப் பின்னால் பறந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.