பெரட்டில் வாசிக்கப்பட்ட கடிதம்

சுற்றுநிருபங்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். எந்தப் படிவம் யாருடைய மேசையில் உறங்கும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, மலையகத்தில் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிரதி அதிபராக இருந்தேன். மேலிடத்திலிருந்து புதிய ஏற்பாடு வந்தது. தரம் ஆறு முதல் எட்டு வரையான பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர். தினமும் காலையில் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். பாடசாலை மேல் பற்று வருமாம். வந்த பற்றைப் பதியவும் ஒரு படிவம் இருந்தது.

என் வட்டத்தில் தரம் எட்டுச் சிறுமி ஒருத்தி வாயே திறக்கவில்லை. "பங்குபற்றவில்லை" என்று தினமும் எழுதினேன். பிறகு அவள் வரவும் இல்லை. தொடர்ந்து வராவிட்டால் வரவு இடாப்பிலிருந்து பெயர் நீக்கப்படும் என்று தாய்க்கு விதிப்படி கடிதம் அனுப்பினேன். முத்திரைகூட நேராக விழுந்திருந்தது.

நான்கு நாள் கழித்து, அவளுடைய லயத்துப் பிள்ளையொருத்தி வட்டத்தில் சொன்னாள்:

"அவ இனி வரமாட்டா டீச்சர். நாளைக்குக் காலையில சித்தி கொழும்புக்குக் கூட்டிட்டுப் போகுது, வீட்டு வேலைக்கு. இங்கதான் பேர வெட்டிட்டீங்களே."

"யாரு சொன்னது?"

"பெரட்டுல கங்காணி காயிதத்த வாசிச்சாருங்க. எல்லாருந்தான் கேட்டாங்க."

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குத் தபால்காரர் போவதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபிசுக்கு வரும். விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி கொடுப்பார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவார், உரக்க. இதெல்லாம் எனக்குத் தெரியும். முகவரி எழுதியபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் விடியற்காலை இடாப்பைப் பையில் வைத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். இடாப்பு பாடசாலையை விட்டு வெளியேறக்கூடாது. அப்படிக் கொண்டுபோனதற்காக இரண்டு ஆசிரியர்களிடம் நானே எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன்.

"டீச்சரும் கொழுந்தெடுக்க வந்துட்டாங்களா? ஒரு கூடை குடுங்க கங்காணி!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தாய் மட்டும் சிரிக்காமல் மேலே ரோட்டைப் பார்த்தாள். அங்கே சித்தியும் சிறுமியும் பையோடு நின்றார்கள். கீழ்வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

"பேர் வெட்டினதா எப்படிச் சொன்னீங்க?" என்று கங்காணியிடம் பாய்ந்தேன்.

"நான் எங்கங்க சொன்னேன்? நீங்க எழுதினத வாசிச்சேன். 'பெயர் நீக்கப்படும்'னு கேட்டதும் வெட்டியாச்சுனு நெனச்சுட்டாங்க."

இடாப்பை விரித்து அவரிடம் நீட்டினேன். "அப்ப இதையும் வாசிங்க. அதே மாதிரி, சத்தமா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிறுமியின் பெயரை வாசித்தார். மலை முழுக்கக் கேட்டிருக்கும். "பேர் அப்படியேதான் இருக்கு. கோடு கீடு ஒண்ணும் இல்ல" என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது. சித்தி ஒரு காலை மிதிபலகையில் வைத்துக் கத்தினாள்: "ஏறு புள்ள!"

சிறுமி ஏறவில்லை. மேலேயிருந்தே கேட்டாள்: "வந்தா வட்டத்துல பேசணுமா டீச்சர்?"

அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். "வேணாம்மா. சும்மா உக்காரு."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடி, "வா, போய் யூனிஃபார்ம மாத்து" என்றாள். பஸ் சித்தியோடு போனது.

அன்று வட்டத்தில் அவள் பேசவில்லை. படிவத்தில் "பங்குபற்றவில்லை" என்று எழுதிவந்த கட்டத்தை வெறுமையாக விட்டேன். முழுமையற்ற படிவம் என்று மேலிடம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. இரண்டு முறையும் அப்படியே அனுப்பிவைத்தேன்.